செவ்வாய்க்கிழமைப் பெட்டி

எங்கள் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தின் வாசலில், கை கழுவும் குழாய்க்கு நேர் மேலே, ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டப்பட்டிருந்தது. 'உணவுப் பாதுகாப்பு விழிப்புணர்வு ஆய்வு: நமது விடுதி மாணவியரின் சராசரி மதிப்பெண், முப்பதுக்கு இருபத்தெட்டு' என்று அதில் பொன்னிற எழுத்துகளில் எழுதியிருந்தது. அந்தச் சட்டத்தைப் படித்துக்கொண்டே கை கழுவாமல் உள்ளே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரையும் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் முப்பதுக்கு முப்பதும் வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் அறைத்தோழி. பள்ளிக்கூட நாள்களிலிருந்தே எல்லாத் தேர்வுகளிலும் முதலாவதாக வருபவள் என்பதால் அவளை விடுதி முழுவதும் 'கோல்டு மெடல்' என்றே அழைத்தது. யார் எந்தக் கேள்வியை எங்கே கேட்டாலும் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பேருந்தில் முன் இருக்கையில் இரண்டு பேர் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்விக்கெல்லாம் பின் இருக்கையிலிருந்து விடை சொல்லியிருக்கிறாள்.

இன்னொருத்தி நான். என்னை 'மன்னிப்பு' என்று அழைப்பார்கள். யாராவது என் காலை மிதித்தாலும் நான்தான் மன்னிப்புக் கேட்பேன் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அது முற்றிலும் உண்மையல்ல, பெரும்பாலும் உண்மை.

நாங்கள் இருவருமே உணவு அறிவியல் முதுகலை மாணவிகள். எனவே ஆய்வின் முடிவு வந்ததும் வார்டன் எங்கள் இருவரில் ஒருவருக்கு ஒரு பொறுப்பைத் தர விரும்பினார். கோல்டு மெடலுக்குப் படிக்க நேரம் போதவில்லை. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்படித்தான் மாதிரிப் பெட்டிகளின் சாவி என் கைக்கு வந்தது.

பெரிய சமையற்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வேளையும் பரிமாறிய உணவில் கொஞ்சம் எடுத்து, மூடி போட்ட பெட்டியில் வைத்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் மூன்று நாள் பாதுகாக்க வேண்டும். யாருக்காவது வயிறு கெட்டால் அந்தப் பெட்டி பரிசோதனைக்குப் போகும். குற்றம் சமையலில் இருந்ததா, வேறெங்காவது இருந்ததா என்பதை அது சொல்லிவிடும். ஒன்றும் நடக்காவிட்டால் மூன்று நாள் கழித்துக் குப்பையில் கொட்டிவிடலாம். நாளுக்கு மூன்று வேளை, மூன்று நாள். ஆக எப்போதும் ஒன்பது எவர்சில்வர் பெட்டிகள். சமையற்கூடத்தை ஒட்டிய சிறிய அறையில் அதற்கென்றே பூட்டு வைத்த ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது. அந்த அறையில் ஒரு தொட்டி, ஒரு மைக்ரோவேவ், ஒரு மேசை, மேசை மேல் ஒரு பதிவேடு. பெட்டி வைத்த நேரம், அகற்றிய நேரம், குறிப்பு என்று அதில் கட்டங்கள் இருந்தன.

நான் முன்பே சீட்டு எழுதி ஒட்டி வைத்திருக்கும் பெட்டியில் உணவை எடுத்து, தம்மிடமுள்ள இன்னொரு சாவியால் ஃப்ரிட்ஜைத் திறந்து வைப்பவர் தலைமைச் சமையற்காரர். அவருக்கு 'டிகிரி அண்ணன்' என்று பெயர். சட்டைப் பையில் பேனாவைப் போலத் தெர்மாமீட்டரைச் செருகியிருப்பார். அடுப்பிலிருந்து எந்தப் பாத்திரம் இறங்கினாலும் அதை உள்ளே விட்டு, வந்த எண்ணைக் கூடம் முழுவதும் கேட்கும்படி அறிவிப்பார். எண்பதுக்குக் கீழே எதையும் அவர் பரிமாற விட்டதில்லை. பதினொரு ஆண்டுகளாக அப்படித்தான். மாதிரிக்கு எப்போதும் கடைசிப் பாத்திரத்தின் கடைசிக் கரண்டியைத்தான் எடுப்பார். நல்ல பாத்திரத்திலிருந்து எடுத்தால் அது மாதிரி இல்லை, விளம்பரம் என்பது அவருடைய கருத்து.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவது அல்ல.

முதல் மாதம் நான் விதிப்படி நடந்தேன். தினமும் காலை ஆறு மணிக்குச் சென்று, ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைக் குறித்து, கெடு முடிந்த பெட்டிகளைக் கொட்டிக் கழுவி வைத்தேன். இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், கெடு முடிந்த பெட்டியைத் திறந்தபோது உள்ளே டிகிரி அண்ணனின் வறுத்த கோழித் துண்டு ஒன்று இருந்தது. நான்கு டிகிரிக்குக் கீழே, மூடிய பெட்டியில், மூன்றே நாள். நான் படித்த எந்தப் பாடநூலும் அதைக் குப்பை என்று சொல்லவில்லை. குப்பைக்கூடை காலடியில் இருந்தது. மைக்ரோவேவ் அதைவிடச் சற்று அருகில் இருந்தது.

கையை இருபது விநாடி சோப்புப் போட்டுக் கழுவினேன். கோழியைச் சூடாக்கினேன். தடித்த பாகத்தில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தேன், எழுபத்தாறு டிகிரி. எழுபத்தைந்தைத் தாண்டினால் போதும். அதன் பிறகே வாயில் வைத்தேன். திருட்டுத்தனமாகச் சாப்பிடும்போது இவ்வளவு சுத்தம் பார்த்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்று பணிவுடன் நினைக்கிறேன்.

சாப்பிட்ட பின் பதிவேட்டில் 'அகற்றப்பட்டது' என்று எழுதினேன். அது பொய்யல்ல. குறிப்புக் கட்டத்தில் '76' என்றும் எழுதினேன். எழுதியிருக்கத் தேவையில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்த எண்ணை எழுதாமல் விடுவது பெரிய குற்றம். நான்கு ஆண்டுகளில் என் கைக்கு வேறு வழி தெரியாமல் போயிருந்தது. சாப்பிட்டது மனசாட்சியை உறுத்தவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் தூக்கம் வந்திருக்காது.

மூன்று நாள் என்பது இரண்டு நாளாயிற்று. இரண்டு நாள் ஒரு நாளாயிற்று. கெடுவுக்கு முன்பே காலியாகும் பெட்டிகளைக் கழுவி, துடைத்து, அதே சீட்டோடு அதன் இடத்திலேயே வைத்துவிடுவேன். ஒன்பது பெட்டிகளும் வரிசையாகப் பளபளவென்று நின்றன. அவற்றில் நான்கைந்து எப்போதும் வெறும் பெட்டிகள். சனிக்கிழமைதோறும் வார்டன் வந்து பதிவேட்டில் கையெழுத்திடுவார். என் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஒருமுறை பாராட்டினார். எழுத்தைப் பார்த்தவர் எழுதியிருந்ததையும் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

இந்த ஏற்பாட்டை அறிந்தவள் கோல்டு மெடல் ஒருத்திதான். தினமும் காலையில் நான் திரும்பி வரும்போது என் மீது வறுத்த கோழியின் வாசனை வீசுவதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆய்வுக்கூடத்தில் வேலை நீண்டுவிட்டதால் நான் இரவுச் சாப்பாட்டைத் தவறவிட்டேன். வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும் என்று பிறகு தெரிந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குச் சென்றபோது பசி காதை அடைத்தது. மைக்ரோவேவின் பிளக் கருகிப்போய், எலக்ட்ரீஷியன் அதைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். செவ்வாய்க்கிழமை இரவுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். பிறகு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, குளிரக் குளிர அப்படியே சாப்பிட்டுவிட்டேன். சாப்பிடும் முன் தெர்மாமீட்டர் காட்டிய எண்ணைப் பதிவேட்டில் எழுதினேன். '6.10. அகற்றப்பட்டது. 3.8.'

அன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு மூன்றாம் மாடியில் ஒருத்திக்கு வாந்தி தொடங்கியது. மூன்று மணிக்குள் ஆறு பேர் ஆனார்கள். அந்த மாடியில் இருப்பவை நான்கே கழிப்பறைகள் என்பதால் சிறிது நெருக்கடி ஏற்பட்டது. எல்லோரையும் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். மாலைக்குள் ஆறு பேரும் தெளிந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடித்தபடி அறைகளுக்குத் திரும்பினார்கள். அந்த ஆறு பேரில் கோல்டு மெடலும் ஒருத்தி.

வார்டன் ஒவ்வொருவராக விசாரித்தார். செவ்வாய் இரவு நாங்கள் கடைசியாக வந்தோம், கடைசிப் பாத்திரத்துக் கோழியைச் சாப்பிட்டோம், அது சரியாக வேகவில்லை என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். முதலில் சொன்னவர் கடிக்கக் கொஞ்சம் அழுத்தமாக இருந்தது என்றார். இரண்டாமவர் உள்ளே சிவப்பாக இருந்தது என்றார். ஆறாவதாகச் சொன்னவரின் வாக்குமூலத்தில் அந்தக் கோழி கிட்டத்தட்ட உயிரோடிருந்தது.

ஐந்து மணிக்குச் சமையற்கூடம் மூடப்பட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி வருவார், மாதிரியை எடுத்துச் செல்வார், அதன்பின் டிகிரி அண்ணன் வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்று வார்டன் அறிவித்தார். நீக்கல் கடிதம் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. தேதி மட்டும் போடவில்லை.

  அதே கடைசிப் பாத்திரத்துக் கோழியைக் காலையில் நானும்தானே சாப்பிட்டேன். அறைக்குப் போனதும் நாடித்துடிப்பைப் பார்த்தேன். காய்ச்சல் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கட்டிலில் சுருண்டிருந்த கோல்டு மெடலிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கேள்வி ஒன்று கேட்கப்பட்டு அவள் பதில் சொல்லாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை.

அவள் கட்டிலுக்கு அடியில் குளியல் துண்டு சுற்றிய பொதி ஒன்று இருந்தது. துண்டுக்கு வெளியே ஒரு மின்கம்பி நீண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன். விடுதி அறைகளில் வைத்திருக்கவே கூடாத ரைஸ் குக்கர். அடியில் இன்னும் இரண்டு கரண்டி முட்டைச்சோறு ஒட்டிக்கொண்டிருந்தது.

வேறு வழியின்றி அவள் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மதியம் ஆறு பேருமாகச் சோறு வடித்திருக்கிறார்கள். பாதி மிஞ்சியிருக்கிறது. குக்கரை அணைத்து, மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். மறுநாள், அதாவது இன்று மதியம், முட்டை ஊற்றிக் கிளறிச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"நல்லா சூடு பண்ணித்தான் சாப்பிட்டோம்," என்றாள்.

"சூடு பண்ணாலும் பழைய சோத்து நச்சு போகாதே."

"தெரியும்டி. அந்த ஆய்வுல பதினேழாவது கேள்வி. நானும் சரியாத்தான் எழுதினேன்."

"எழுதிட்டு ஏன் அப்படிப் பண்ணினீங்க?"

"அது பரீட்சை. இது பசி."

நான் குக்கரை மறுபடியும் துண்டில் சுற்றி வைத்தேன். 

குக்கர் விஷயம் வெளியே வந்தால் ஆறு பேருக்கும் விடுதியில் இடம் போய்விடும் என்று அவள் கவலைப்பட்டாள். டிகிரி அண்ணனுக்கு வேலை போய்விடுமே என்று நான் நினைவூட்டினேன். மாதிரியில் ஒன்றும் கிடைக்காது, அவர் தப்பித்துவிடுவார், நாமும் தப்பித்துவிடுவோம் என்று அவள் நிம்மதியாகச் சொன்னாள். அப்போதுதான் நான் அந்தச் செய்தியை அவளிடம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "செவ்வாய்க்கிழமைப் பெட்டியையுமா?"

"மன்னிச்சுக்கோ."

"ஒரு நாள்கூட விட்டு வைக்க மாட்டியாடி நீ?"

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வெளியே உணவகத்தில் வறுத்த கோழி வாங்கி, பெட்டியில் போட்டு வைத்துவிடலாம். அந்தச் சீட்டு பொய்யாகிவிடுமே என்று நான் தயங்கினேன்.

"திங்கலாம், ஆனா சீட்டுல பொய் வரக்கூடாதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் என்னால் அது முடியாது. இந்தப் பெட்டியில் இருப்பது இந்த நாளின் இந்த வேளை உணவு என்று என் கையால் எழுதிய சீட்டின் கீழே வேறொரு கோழி உட்காரக் கூடாது. அப்படியானால் நீ வாயைத் திறக்காதே, நானும் திறக்க மாட்டேன் என்று உடன்படிக்கை செய்துவிட்டு அவள் மறுபடியும் சுருண்டுகொண்டாள்.

நான் கீழே இறங்கிப் போனேன். டிகிரி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். மாடிப்படிகளில் மூன்று வாக்கியங்களைத் தயார் செய்தேன். முதல் வாக்கியம் மன்னிப்பு. இரண்டாவது செய்தி. மூன்றாவது மறுபடியும் மன்னிப்பு.

அவர் அணைந்த அடுப்புகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து தெர்மாமீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் காய்ந்துபோன பாத்திரங்கள். அந்த நேரத்தில் ஆவி பறக்காத சமையற்கூடத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"என்னம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? எனக்கு ஒண்ணும் ஆகாது. எண்பத்திரண்டு வந்துச்சு, நானே பார்த்தேன். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. பெட்டி சொல்லும்ல. அதான் நீ பூட்டி வச்சிருக்கியே."

நான் முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னேன். எதற்கு மன்னிப்பு என்று அவர் கேட்கவில்லை. நான் எப்போதும் அப்படித்தான் பேசுவேன் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். மிகவும் மெதுவாகப் பேசுபவர். கையில் ஐஸ் அடைத்த ஒரு பெட்டி. வார்டன் கடிதக் கோப்போடு நின்றார். சாட்சி சொல்வதற்காக ஆறு பேரும் வாசல் ஓரம் நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். டிகிரி அண்ணன் சலவை செய்த சட்டை அணிந்திருந்தார். பையில் தெர்மாமீட்டர்.

அதிகாரி சாவி கேட்டார். கொடுத்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்து ஒன்பது பெட்டிகளையும் பார்த்து, இவ்வளவு ஒழுங்கான மாதிரி ஃப்ரிட்ஜைத் தாம் எங்கும் பார்த்ததில்லை என்றார். வார்டன் என்னைப் பெருமையோடு பார்த்தார். அதிகாரி கையுறை அணிந்து, செவ்வாய்க்கிழமைப் பெட்டியை எடுத்தார். எடுத்த வேகத்தில் அது அவர் நினைத்ததைவிட மேலே போயிற்று. அவ்வளவு லேசாக இருந்தது.

மூடியைத் திறந்தார். பெட்டிக்குள் அவருடைய முகமே தெரிந்தது. நான் நன்றாகத் துடைத்து வைத்திருந்தேன்.

 டிகிரி அண்ணனின் முகத்தில் இருந்த சிரிப்பு, எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. "நான் வச்சேன் சார்," என்றார். "என் கையால வச்சேன்."

மாதிரியை அழித்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று வார்டன் சொன்னார். பேனாவைத் திறந்தார். கடிதத்தில் தேதிக்கென விட்டிருந்த இடத்தைத் தேடினார்.

அந்தப் பேனா முனை காகிதத்தைத் தொடுவதற்குள் நான் பேச வேண்டும். மூன்று வாக்கியங்களும் மறந்துபோயிருந்தன.  கடைசியில் வெளியே வந்தது மிகச் சிறிய ஒரு வாக்கியம்.

"அத நான் சாப்பிட்டுட்டேன் மேடம்."

வார்டனுக்கு அது புரியவில்லை. நான் பதிவேட்டைத் திறந்து அதிகாரியிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக, நிதானமாக வாசித்தார். அந்தப் பதிவேட்டை முதன்முதலாக ஒரு மனிதர் வாசிப்பதைப் பார்த்தபோது, அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு சிறிய மகிழ்ச்சி ஏற்பட்டதை மறைக்க விரும்பவில்லை.

"குப்பையில போடறதை எதுக்கும்மா எழுபத்தாறு டிகிரிக்குச் சூடு பண்ணினே?" என்று கேட்டார்.

"குப்பையில போடல சார்."

"எழுபத்தேழு. எழுபத்தைஞ்சு. எழுபத்தெட்டு. இதெல்லாமா?"

"ஆமா சார். மன்னிச்சுக்கோங்க."

டிகிரி அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் நேராகச் சந்திக்கவில்லை. ஃப்ரிட்ஜின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். சூடாக்கிச் சாப்பிட்டிருந்தால் நான் நலமாக இருப்பதனால் எந்தப் பயனும் இல்லை என்று விளக்கினார். சரியாக வேகாத கோழியாகவே இருந்திருந்தாலும், என்னுடைய எழுபத்தாறு டிகிரியில் அதன் கிருமிகள் செத்துப்போயிருக்கும். ஆகவே அது சாட்சியாகாது. வார்டனின் பேனா மறுபடியும் இறங்கியது.

என் வாழ்நாளில் எவரிடமும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருந்த செய்தி ஒன்று மீதி இருந்தது. திருடியதைக்கூடச் சொல்லிவிட்டேன். ஆனால் எங்கள் துறையில் படித்த ஒருத்தி, முப்பதுக்கு முப்பது வாங்கிய ஒருத்தி, இதை எப்படிச் சொல்வாள்?

"சார், தயவுசெஞ்சு கடைசி வரியப் பாருங்க."

விரலை வரி வரியாக இறக்கிக் கடைசியில் நிறுத்தினார். "மூணு புள்ளி எட்டு," என்று வாசித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சூடு பண்ணலையா?"

"மைக்ரோவேவ் கெட்டுப்போச்சு சார். பசி. அப்படியே சாப்பிட்டுட்டேன்."

"குளிரவா?"

"குளிர."

வெட்கத்தில் காது மடல் வரை எரிந்தது. ஆனால் அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. கடைசிப் பாத்திரத்தின் கடைசிக் கரண்டி, சூடாக்கப்படாமல், உண்ட நேரம் நிமிடம் உட்பட எழுதப்பட்டு, இருபத்தெட்டு மணி நேரமாக ஒரு மனித வயிற்றில் சோதிக்கப்பட்டிருக்கிறது. இதைப் போன்ற ஒரு பரிசோதனையைச் செய்ய எந்த ஆய்வுக்கூடமும் தமக்கு அனுமதி தராது என்றார். காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். கடையில் வாங்கிய ரொட்டி நான்கு என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு மருத்துவமனைச் சீட்டுகளைப் புரட்டியபடி, தமக்குத் தாமே பேசிக்கொள்வதைப் போல முணுமுணுத்தார்.

"ஆறு பேருக்கும் ஒரே நேரத்துல வாந்தி. காய்ச்சல் இல்ல. சாயங்காலத்துக்குள்ள சரியாயிடுச்சு. முந்தின நாள் கோழி இப்படிப் பண்ணாதே. மதியம் சாப்பிட்ட ஏதோ ஒண்ணு. எது இப்படிப் பண்ணும்?"

"சோறு சார்," என்று வாசல் பக்கமிருந்து ஒரு தெளிவான குரல் வந்தது. "சமைச்சு ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியிலயே வச்ச சோறு. அதுல கிருமி வளர்ந்து நச்சு உண்டாகும். திரும்ப எவ்வளவு சூடு பண்ணினாலும் அது போகாது."

கோல்டு மெடல் நாற்காலியை விட்டு எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. மற்ற ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"முழு மார்க்," என்றார் அதிகாரி. "சோறு இந்த விடுதியில நேத்து மதியம் போட்டாங்களா?"

"இல்லைங்க," என்றார் டிகிரி அண்ணன். "நேத்து மதியம் ரொட்டியும் சூப்பும்."

அதிகாரி வரிசையில் இருந்த ஆறு பேரையும் இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். வலது ஓரத்தில் இருந்தவள் அழ ஆரம்பித்தாள். முதல் நாள் வாக்குமூலத்தில் கோழிக்கு உயிர் கொடுத்தவள் அவள்தான். ஐந்து நிமிடத்தில் துண்டும் மின்கம்பியுமாகக் குக்கர் அதே மேசைக்கு வந்து சேர்ந்தது. அடியில் ஒட்டியிருந்த முட்டைச்சோற்றை அதிகாரி மிகவும் ஆசையோடு சுரண்டி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டார். நான்கு நாளில் பரிசோதனை முடிவு வந்தது. பதினேழாவது கேள்விக்கான விடையேதான்.

வார்டன் அந்தக் கடிதத்தை நான்காக மடித்து, யாரும் பார்க்காத மாதிரி கோப்பின் அடியில் செருகினார். ஆறு பேருக்கும் விடுதியில் இடம் போகவில்லை. மாறாக, ஒரு மாதத்துக்குச் சாப்பாட்டுக்கூட வாசலில் முறை வைத்து நின்று, வருபவர்கள் எல்லோரும் கை கழுவுகிறார்களா என்று பார்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கோல்டு மெடல் நிற்கும் நாளில் மட்டும் வரிசை நகராது. இருபது விநாடி ஆகும்வரை அவள் எவரையும் விடுவதில்லை. அவளாகவே எண்ணுவாள். சத்தமாக எண்ணுவாள்.

என்னிடமிருந்து சாவி பறிக்கப்பட்டது. இரண்டு மாதம் மாதிரிப் பெட்டிகளைக் கழுவித் துடைக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. அதில் எனக்குப் போதுமான அனுபவம் இருக்கிறது என்று வார்டன் சொன்னார். குக்கர் பறிமுதல் செய்யப்பட்டு வார்டன் அறைக்குப் போயிற்று. மதிய வேளைகளில் அந்த அறையின் கதவிடுக்கிலிருந்து சோற்று ஆவி வருவதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. ஆகவே அதைப் பற்றிக் கருத்துச் சொல்வது முறையாகாது.

டிகிரி அண்ணன் என்னுடன் மூன்று நாள் பேசவில்லை. நான் ஒவ்வொரு நாளும் பெட்டிகளைக் கழுவ வரும்போது ஒரு மன்னிப்பும், போகும்போது ஒரு மன்னிப்புமாகச் சொல்லி வந்தேன். நான்காம் நாள் மாலை அதிகாரியின் அறிக்கையை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்து வந்தார். வாசலில், முப்பதுக்கு இருபத்தெட்டுக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினார். அதில் ஒரு வரிக்கு மட்டும் அடிக்கோடு இட்டிருந்தார். 'செவ்வாய்க்கிழமை மாதிரி: கிடைக்கவில்லை. மாதிரியை உண்டவர்: நலமாக இருக்கிறார்.'

மாட்டிவிட்டு உள்ளே வந்தார். அன்று மாதிரிக்காகக் கடைசிப் பாத்திரத்திலிருந்து எடுக்கும்போது ஒரு பெட்டிக்குப் பதிலாக இரண்டு பெட்டி நிரப்பினார். ஒன்றில் வழக்கமான சீட்டு. தேதி, நேரம், வேளை. இன்னொன்றில் அவருடைய கோணல் எழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: 'மன்னிப்பு'. அதற்குள் தெர்மாமீட்டரைக் குத்தி, எண்ணைப் பார்த்து, கூடம் முழுவதும் கேட்கும்படி அறிவித்தார்.

"எண்பத்திமூணு. ஆறறதுக்குள்ள தின்னு."

நான் கையைக் கழுவப் போனேன். வாசலில் கோல்டு மெடல் நின்றிருந்தாள். பதினெட்டு வரை எண்ணியதும் கையை எடுக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.